மிஸிஸிப்பிக்குப் பாலம் போட்ட ஈட்ஸ்

1873-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி. அமெரிக்காவில், மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள ஸெயின்ட் லூயி நகரில் ஒரு விசாரணை ஆரம்பமாயிற்று. விசாரணைக்கு உள்ளானது ஒரு பாலம். அதுவும் முடிந்த பாலம் அல்ல. ஆற்றின் நடுவே கல் தூண்கள் எழும்பி நின்றன. தூண்களிலிருந்து எஃகு வளைவுகள் ஒன்றையொன்று தொடுவதற்காகக் கை நீட்டுவதுபோல் நீண்டுகொண்டிருந்தன. நடுவில் சில அடி இடைவெளிதான் பாக்கி. ஆறு வருஷ உழைப்பும் பல லட்சம் டாலரும் அந்த ஆற்றுக்குள் போய்விட்டன. இந்த நிலையில்தான் ராணுவ எஞ்சினீயர்கள் ஐந்து பேர் வந்து உட்கார்ந்து, இந்தப் பாலம் இருக்கலாமா, கூடாதா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

நீராவிப் படகுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சி சொன்னார்கள். பாலத்தின் வளைவு தாழ்வாக இருக்கிறது, எங்கள் படகுகளின் புகைபோக்கிகள் இடிக்கும், வெள்ளக் காலத்தில் போகவே முடியாது என்பதுதான் எல்லாருடைய புகாரும். பாலத்தை வகுத்த மனிதரோ அந்த மாதத்தில் கடலுக்கு அப்பால், லண்டனில் பணம் தேடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் புக்கானன் ஈட்ஸ்.

இந்த ஈட்ஸ் அதற்கு முன் ஒரு பாலமும் கட்டியவரல்ல. எஞ்சினீயரிங் கல்லூரியின் வாசற்படியை மிதித்தவருமல்ல. பதின்மூன்று வயதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது.

ஆப்பிள் விற்ற பையன்

இந்தியானா ராஜ்யத்தில் லாரன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1820-ம் வருஷம் மே 23-ந் தேதி ஈட்ஸ் பிறந்தார். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஜேம்ஸ் புக்கானன் அவருடைய தாய்க்கு உறவினர். பையனுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். பெயர் பெரிதாக இருந்ததே தவிர வீட்டில் பணமில்லை. தகப்பனார் ஊர் ஊராக வியாபாரம் செய்து பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. 1833-ல் குடும்பம் ஸெயின்ட் லூயிக்குக் குடிபெயர்ந்தது. அவர்கள் வந்த நீராவிப் படகு, கரை சேருகிற வேளையில் தீப்பிடித்து எரிந்தது. உயிர் தப்பியதே தவிர உடைமைகள் போயின. கட்டிய துணியோடு கரையேறிய ஈட்ஸ் தெருவில் ஆப்பிள் விற்றுத் தாய்க்கு உதவினார். பிறகு ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். அந்தக் கடை முதலாளி நல்ல மனிதர். மாடியில் இருந்த தம்முடைய புத்தகங்களைப் பையன் படிக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். ஈட்ஸ் படித்த கல்லூரி அந்த மாடிதான்.

வாலிபரானதும் ஆற்றுப் படகில் குமாஸ்தா வேலைக்குப் போனார். அந்தக் காலத்து மிஸிஸிப்பியில் படகுகள் மூழ்குவது அன்றாடச் சமாசாரம். வெள்ளத்தில் அடித்து வரும் மரங்கள் அடியில் குத்திட்டு நிற்கும். படகு அதில் மோதினால் வயிறு கிழிந்துவிடும். கொதிகலன் வெடிக்கும். தீப்பிடிக்கும். மூழ்கிய படகோடு ஈயம், இரும்பு, சரக்கு எல்லாம் ஆற்றடியில் போய்விடும். அதை யாராவது எடுத்தால் எடுத்தவருக்கு நல்ல பங்கு கிடைக்கும். ஈட்ஸின் கண் இதன்மேல் விழுந்தது. 1842-ல், இருபத்திரண்டாவது வயதில், படகு கட்டும் கம்பெனிக்காரர் இருவரிடம் போய், ஆற்றடியிலிருந்து சரக்கைத் தூக்குவதற்கென்றே ஒரு படகு கட்டித் தாருங்கள், நானும் ஒரு பங்காளி என்று கேட்டார். கையில் காசில்லாத பையனை நம்பி அவர்களும் சம்மதித்தார்கள்.

முதல் வேலை கியோகக் என்ற ஊருக்கு அருகே, ஆறு வேகமாகப் பாயும் ஓரிடத்தில் முழுகிக் கிடந்த ஈயத்தை எடுப்பது. நீர்மூழ்கி உடை தரித்த ஆளை இறக்கிப் பார்த்தார்கள். நீரோட்டத்தில் அந்த உடையோடு நிற்க முடியவில்லை. ஈட்ஸ் ஊருக்குள் போய் ஒரு பெரிய விஸ்கிப் பீப்பாயை விலைக்கு வாங்கி வந்தார். அதன் ஒரு மூடியைக் கழற்றி, கனத்துக்கு ஈயத்தைக் கட்டி, கவிழ்த்து ஆற்றில் இறக்கினார். கவிழ்த்த சொம்பைக் குளத்தில் அமிழ்த்தினால் உள்ளே காற்று நிற்குமல்லவா? அதே தத்துவம்தான். மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்றை அடித்தார்கள். இதில் முதலில் இறங்கத் துணிந்த ஆள் யாருமில்லை என்பதால் ஈட்ஸே இறங்கினார். அன்று தொடங்கி எத்தனையோ தடவை மிஸிஸிப்பியின் அடித்தரையில் அவர் நடந்திருக்கிறார். (கியோகக் என்ற ஊர்ப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் அது வேறு விதமாக வரப்போகிறது.)

அடித்தரையில் அவர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டார். மேலே தண்ணீர் ஓடுவதுபோலவே கீழே மணலும் ஓடுகிறது. கெய்ரோ என்ற ஊருக்கு அருகே வெள்ளக் காலத்தில் 65 அடி ஆழத்தில் இறங்கினார். கால் ஊன்ற உறுதியான தரை கிடைக்கவில்லை. சுமார் 3 அடி கனத்துக்கு மணல், கஞ்சிபோல் நகர்ந்துகொண்டிருந்தது. இந்த ஆற்றின் மணலில் எதை ஊன்றினாலும் ஒரு நாள் ஆறு அரித்துக்கொண்டு போய்விடும் என்ற முடிவுக்கு அவர் அப்போதே வந்துவிட்டார். புத்தகம் படித்த எஞ்சினீயர்கள் ஒருவருக்கும் இல்லாத அனுபவம் இது.

நடுவில் 1845-ல் கலியாணம். மனைவியின் விருப்பத்துக்காக ஆற்றுத் தொழிலை விட்டுக் கண்ணாடித் தொழிற்சாலை ஆரம்பித்தார். அது நொடித்து 25,000 டாலர் கடனில் நிறுத்தியது. திரும்பவும் ஆற்றுக்கே வந்து கடனை அடைத்து, பெரும் பணமும் சம்பாதித்தார். 1852-ல் மனைவி காலராவில் இறந்தாள். இரண்டு வருஷம் கழித்து மறுமணம். உடம்பு கெட்டு 1857-ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு முப்பத்தேழு வயதுதான்.

உள்நாட்டு யுத்தம் வந்தபோது அவரை மறுபடியும் கூப்பிட்டார்கள். 1861-ல் இரும்புக் கவசம் போர்த்திய போர்ப் படகுகள் ஏழு கட்டித் தருவதாக ஒப்பந்தம் செய்தார். சுமார் நூறு நாட்களில் கட்டியும் கொடுத்தார். சர்க்கார் பணம் உரிய காலத்தில் வரவில்லை. சொந்தப் பணத்தையும் நண்பர்கள் பணத்தையும் போட்டு வேலையை நடத்தினார். அந்தப் படகுகள் 1862 பிப்ரவரியில் ஹென்றி கோட்டையையும் டோனல்ஸன் கோட்டையையும் தாக்கப் போயின. அந்தச் சண்டைகளில் பெயர் பெற்ற தளபதி யுலிஸிஸ் கிராண்ட். இவரையும் பிறகு சந்திப்போம்.

பாலம் ஏன் வேண்டியிருந்தது?

யுத்தம் முடிந்தபோது ஸெயின்ட் லூயி நகரத்தார் கவலையில் ஆழ்ந்திருந்தார்கள். சிகாகோவிலிருந்து ரயில் பாதைகள் மேற்கே ஓடத் தொடங்கிவிட்டன. வடக்கே ராக் ஐலண்ட் என்ற இடத்தில் 1856-லேயே மிஸிஸிப்பியின் மேல் முதல் ரயில் பாலம் வந்துவிட்டது. ஸெயின்ட் லூயிக்கோ எதிர்க்கரையோடு ரயில் நின்றுவிடும். சரக்கை இறக்கி, தோணித்துறைக் கம்பெனியின் படகில் ஏற்றி, இக்கரையில் மறுபடியும் இறக்கவேண்டும். குளிர்காலத்தில் ஆற்றில் பனிக்கட்டி மிதந்து வந்தால் அதுவும் நின்றுபோகும். தோணித்துறைக்காரர்களுக்கு இதில் நல்ல லாபம். பாலம் வேண்டுமென்று வியாபாரிகள் கூச்சலிட்டால் அவர்கள் வேண்டாமென்று சொல்லாமல் என்ன செய்வார்கள்?

படகுக்காரர்களின் எதிர்ப்பு வேறு. அதை வெறும் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. ஆற்றில் தூண் என்றால் அவர்களுக்கு உயிர்ப் பயம். ராக் ஐலண்ட் பாலம் திறந்து இரண்டு வாரத்தில் எஃபி ஆஃப்டன் என்ற படகு தூணில் மோதித் தீப்பற்றி எரிந்தது. பாலத்தில் ஒரு பகுதியும் எரிந்துபோயிற்று. படகுக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1857-ல் பாலத்தின் பக்கம் வாதாடிய வக்கீல் வேறு யாருமல்ல, ஆபிரகாம் லிங்கன்தான். ஜூரிகள் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாமல் கலைந்தார்கள். அதற்கும் முன்பே ஒஹையோ நதியில் வீலிங் என்ற ஊரின் தொங்கு பாலம் 1849-ல் கட்டப்பட்டது. அது புகைபோக்கிகளுக்குத் தடையாக இருக்கிறதென்று வழக்குப் போய், 1852-ல் சுப்ரீம் கோர்ட்டே பாலத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் காங்கிரஸ் அதே வருஷம் சட்டம் செய்து பாலத்தைக் காப்பாற்றியது. ஆற்றில் போகிறவனுக்கு உரிமை அதிகமா, ஆற்றைக் கடக்கிறவனுக்கு உரிமை அதிகமா என்ற பெரிய தகராறு அது.

ஆகவே 1866-ல் ஸெயின்ட் லூயிப் பாலத்துக்குக் காங்கிரஸ் அனுமதி தந்தபோது கடுமையான நிபந்தனைகளைச் சேர்த்தது. ஒரு கண் 500 அடி அகலமாவது இருக்கவேண்டும். அல்லது 350 அடியில் இரண்டு கண்களாவது வேண்டும். நகரின் நீர்மட்டக் குறியிலிருந்து 50 அடி உயரம் இருக்கவேண்டும். இவ்வளவு பெரிய கண் வைத்து யாரும் கட்டப்போவதில்லை, பாலம் ஏட்டோடு நின்றுவிடும் என்று எதிரிகள் திருப்தியடைந்தார்கள்.

1867-ல் பாலக் கம்பெனி ஈட்ஸைத் தலைமை எஞ்சினீயராக்கியது. அவர் போட்ட திட்டத்தைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். மூன்று எஃகு வளைவுகள். ஓரத்து வளைவுகள் 502 அடி, நடு வளைவு 520 அடி. மேல்தட்டில் வண்டிகளும் ஜனங்களும் போக விசாலமான சாலை. கீழ்த்தட்டில் இரண்டு ரயில் பாதைகள். தூண்கள் மணலில் அல்ல, மணலுக்கு அடியிலுள்ள பாறையில் நிற்கும். எஃகு அப்போது கத்திக்கும் சுருள்வில்லுக்கும் உபயோகமான உலோகம். பெரிய பாலம் எதையும் அதுவரை யாரும் அதைக் கொண்டு கட்டியதில்லை.

எதிர்ப்பு உடனே கிளம்பிற்று. சிகாகோவைச் சேர்ந்த பூமர் என்ற பாலக் கான்டிராக்டர் போட்டிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, இல்லினாய் ராஜ்யத்திடமிருந்து உரிமையும் வாங்கிவிட்டார். 1867 ஆகஸ்டில் இருபதுக்கும் மேற்பட்ட எஞ்சினீயர்களை ஸெயின்ட் லூயியிலேயே மாநாடு கூட்டினார். அவர்கள் கூடிப் பேசி, 500 அடிக் கண்ணுக்கு எஞ்சினீயரிங் சாஸ்திரத்தில் முன்னுதாரணம் கிடையாது, சிறிய கண்கள் வைத்த கர்டர் பாலமே போதும் என்று தீர்மானம் செய்தார்கள். ஈட்ஸின் கம்பெனிக்கே ஆலோசகராக இருந்த லின்வில் என்ற பிரபல எஞ்சினீயர், இந்தத் திட்டம் அபாயகரமானது, என் பெயரை இதோடு சேர்க்கவேண்டாம் என்று எழுதிவிட்டு விலகிக்கொண்டார்.

இதற்கு ஈட்ஸ் செய்த காரியத்தைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். அவர் கோபப்படவில்லை, ரகசியமாகவும் வேலை செய்யவில்லை. தம்முடைய கணக்குகளை வாஷிங்டன் சர்வகலாசாலையின் தலைவராக இருந்த கணித நிபுணர் சோவனேயிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். ஹென்றி பிளாட், சார்ல்ஸ் பைபர் என்ற தேர்ந்த எஞ்சினீயர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். 1868-ல் ஒரு நீண்ட அறிக்கை எழுதி அச்சிட்டு வெளியிட்டார். பணம் போடுகிற வியாபாரியும் வரி கட்டுகிற குடிமகனும் படித்துப் புரிந்துகொள்ளும்படி, வளைவு எப்படிச் சுமையைத் தாங்குகிறது, கர்டர் எப்படித் தாங்குகிறது, எதில் எவ்வளவு இரும்பு செலவாகும் என்றெல்லாம் அதில் படிப்படியாக விளக்கினார். முன்னுதாரணம் இல்லை என்றவர்களுக்கும் பதில் இருந்தது. ஹாலந்து தேசத்தில் கைலன்பர்க்கில் ஏறக்குறைய 500 அடிக் கண் வைத்து அப்போதே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்பு, 1801-லேயே, தாமஸ் டெல்போர்டு என்ற மேதை லண்டனில் தேம்ஸ் நதிக்கு 600 அடியில் ஒரே வார்ப்பிரும்பு வளைவு போடத் திட்டம் தந்திருந்தார். வார்ப்பிரும்பில் அவர் துணிந்ததை எஃகில் செய்ய நாம் ஏன் பயப்படவேண்டும் என்பது ஈட்ஸின் வாதம். ஒருவரும் செய்யவில்லை என்பதற்காக ஒரு காரியம் முடியாதென்று ஆகிவிடாது என்றும் சொன்னார்.

படகுக்காரர்களின் புகைபோக்கிப் பிரச்னைக்கும் அவரிடம் யோசனை இருந்தது. புகைபோக்கியின் மேல் பாதியைக் கீல் வைத்து மடக்கிக்கொள்ளலாம். ஆறு நிரந்தரம், பாலம் நிரந்தரம், புகைபோக்கியின் உயரம் மாற்றக்கூடியது. ஆனால் வளைவு என்றால் நடுவில்தான் முழு உயரம் கிடைக்கும், ஓரங்களில் தாழ்ந்துவிடும் என்ற படகுக்காரர்களின் பேச்சிலும் நியாயம் இல்லாமலில்லை. வெள்ளத்தில் நீர்மட்டம் ஏறினால் அந்த 50 அடியும் குறையும். இரவில், வேகமான நீரோட்டத்தில், நேர் நடுவில் படகை ஓட்டிப் போவது லேசான காரியமல்ல.

1868-ல் போட்டிக் கம்பெனியும் ஈட்ஸின் கம்பெனியும் ஒன்றாயின. பூமர் விலகினார். ஒரு தொல்லை ஒழிந்தது.

ஆற்றின் அடியில்

ஓயாத இருமலும் நெஞ்சு நோயும் ஈட்ஸைப் படுத்தின. டாக்டர்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. 1869-ல் பிரான்ஸில் விஷி நகரில், காற்றழுத்தத்தின் உதவியால் பாலத் தூண் இறக்குவதைப் பார்த்துவிட்டு அதையே இன்னும் பெரிதாகச் செய்யத் தீர்மானித்தார்.

நம் ஊரில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடிப்பக்கம் திறந்த பிரம்மாண்டமான இரும்புப் பெட்டி ஒன்றை ஆற்றில் இறக்கினார்கள். அதன் தலைமேலேயே கல் தூணைக் கட்டிக்கொண்டு போனார்கள். பாரம் ஏற ஏறப் பெட்டி கீழே இறங்கும். பெட்டிக்குள் தண்ணீர் புகாதபடி அழுத்திய காற்றை அடைத்தார்கள். ஆட்கள் அதற்குள் நின்று மணலைத் தோண்டி, குழாய் வழியாக வெளியேற்றினார்கள். விஸ்கிப் பீப்பாய்தான் இப்போது வீடு போலப் பெரிதாகியிருந்தது!

1870 பிப்ரவரி 28-ந் தேதி கிழக்குத் தூண் 94 அடி ஆழத்தில் பாறையைத் தொட்டது. நகரம் முழுவதும் மகிழ்ச்சி. ஆனால் அதற்குள்ளாகவே விபரீதம் தொடங்கிவிட்டது. உள்ளே வேலை செய்து மேலே வந்த ஆட்களுக்கு மூட்டுகளில் தாங்கமுடியாத வலி கண்டது. சிலர் இடுப்பு வளைந்து நடந்தார்கள். அதைக் கண்டு மற்றவர்கள் முதலில் கேலிகூடச் செய்தார்களாம். சிலருக்குக் கால் விழுந்துவிட்டது. மார்ச் மாதத்தில் முதல் சாவு. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சாவுகள்.

ஈட்ஸின் குடும்ப வைத்தியர் ஜாமினே காரணம் கண்டுபிடிக்கத் தாமே பெட்டிக்குள் இறங்கினார். மேலே வந்ததும் அவருக்கே பக்கவாதம்போல் கைகால்கள் செயலற்றுப் போயின. நல்ல வேளையாகப் பிழைத்தார். ஆழம் அதிகமாக ஆக வேலை நேரத்தைக் குறைத்தார். மிதக்கும் ஆஸ்பத்திரி ஒன்று ஏற்பட்டது. கிழக்குக்கரைத் தூணில், 136 அடி ஆழத்துக்குப் போனபோது, படியேறும் சிரமம் இல்லாமல் மேலே வர லிப்டும் வைத்தார்கள். ஜாமினே சோர்வுதான் காரணம் என்று நினைத்தார். உண்மைக் காரணம் வேறு. அதிக அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வாயு, ஆள் திடீரென்று வெளியே வரும்போது குமிழிகளாகக் கிளம்பிவிடுகிறது. வெளியே வருவதை மெதுவாகச் செய்தால் போதும். இதைப் பால் பேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விளக்கி எழுதியது 1878-ல்தான். அதற்குள் ஸெயின்ட் லூயியில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட தொழிலாளிகள் இந்த நோயால் மாண்டுபோனார்கள். படகுகளின் புகைபோக்கியைப் பற்றிச் சர்க்கார் விசாரணை நடந்தது. இந்த மனிதர்களைப் பற்றி அப்படியொரு விசாரணைக் குழு உட்காரவில்லை.

எஃகு விஷயத்திலும் தகராறுகள். பாலத்தின் மேற்கட்டை ஏற்றிருந்தது ஆண்ட்ரு கார்னகியின் கீஸ்டோன் கம்பெனி. ஈட்ஸ் ஒவ்வொரு துண்டையும் சோதனை இயந்திரத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். தேறாததைத் திருப்பி அனுப்பினார். கார்னகி எரிச்சலடைந்தார், தாமதமானது, வட்டி ஏறியது. ஈட்ஸ் அசையவில்லை. 1871 மார்ச்சில் அடித்த சூறாவளி வேறு கிழக்குக் கரை வேலைகளைச் சூறையாடிவிட்டுப் போயிற்று.

ஐந்து எஞ்சினீயர்களும் ஒரு ஜனாதிபதியும்

இப்போது 1873-க்கு வருவோம். கியோகக் படகுக் கம்பெனி என்பது பெரிய கம்பெனி. அதன் தலைவர்கள் யுத்த இலாகா மந்திரி பெல்னாப்பிடம் புகார் செய்தார்கள். பெல்னாப் கியோகக் ஊர்க்காரர். உடனே ராணுவ எஞ்சினீயர்கள் குழு நியமனமாயிற்று. இரண்டு மூன்று நாள் சாட்சியம் கேட்டு, செப்டம்பர் 11-ந் தேதியே அறிக்கை தயார்! பாலம் படகுப் போக்குவரத்துக்குப் பெரிய இடைஞ்சல். ஆகவே கிழக்குக் கரையில் பாலத்தின் முனைக்குப் பின்னால் 800 அடி நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, அதன்மேல் திறந்து மூடும் பாலம் ஒன்று வைத்து, உயரமான படகுகளை அந்த வழியாக விடவேண்டும் என்பது அவர்கள் யோசனை.

இந்தக் குழுவின் அறிக்கையைத் தப்பென்று முழுதாகத் தள்ளமுடியாது. கேட்டவை உண்மையான புகார்கள். ஆனால் கேட்ட காலம் சரியில்லை. 1868-லேயே திட்டம் அச்சாகி எல்லார் கையிலும் இருந்தது. அன்று கேட்டிருந்தால் வளைவைப் பத்தடி உயர்த்துவது காகிதத்தில் முடிகிற வேலை. 1873-ல் அதே பத்தடிக்குப் பாலத்தையே பிரிக்கவேண்டும்.

அதே செப்டம்பரில் பாலத்தின் மேல் வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. முதல் வளைவை 19-ந் தேதிக்குள் இணைக்காவிட்டால் 5 லட்சம் டாலர் கடன் கைநழுவிப் போகும். ஆற்றில் சாரமே கட்டாமல், தூணிலிருந்து கம்பிகளால் தாங்கி, இரு பக்கமிருந்தும் வளைவை வளர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசித் துண்டைப் பொருத்தப் போனால் உள்ளே நுழையவில்லை. வெயிலின் உஷ்ணத்தில் எஃகு நீண்டுவிட்டது. பிளாட் வளைவு நெடுகிலும் பனிக்கட்டியைக் கட்டிக் குளிரவைத்துப் பார்த்தார். வெயில் வென்றது, பனிக்கட்டி தோற்றது. நல்ல வேளையாக ஈட்ஸ் இதை முன்பே யோசித்து, திருகிச் சுருக்கவும் நீட்டவும் கூடிய தனி இணைப்புக் குழாயை வகுத்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். 17-ந் தேதி இரவு அதைப் போட்டுத் திருகி வளைவை மூடினார்கள். லண்டனுக்குத் தந்தி பறந்தது. மறுநாள், செப்டம்பர் 18-ந் தேதி, ஜே குக் என்ற மாபெரும் பாங்கு முறிந்து அமெரிக்கா முழுவதும் பண நெருக்கடி வெடித்தது.

திரும்பி வந்த ஈட்ஸ் ராணுவக் குழுவின் அறிக்கைக்கு வரி வரியாகப் பதில் எழுதினார். அதோடு நிற்காமல், கம்பெனியின் மற்றொரு தலைவரான டாக்டர் டாசிக்கை அழைத்துக்கொண்டு வாஷிங்டனுக்குப் போனார். அப்போது ஜனாதிபதி பழைய தளபதி கிராண்ட். ஈட்ஸின் போர்ப் படகுகளை அவர் நன்றாக அறிவார். டாசிக்குக்கோ உள்ளூர நடுக்கம். காரணம் உண்டு. 1859-ல் கிராண்ட் பிழைப்புக்கு வழியின்றி ஸெயின்ட் லூயியில் ஜில்லா எஞ்சினீயர் உத்தியோகத்துக்கு மனுப் போட்டபோது, அதை மறுத்து ஓட்டுப் போட்ட அங்கத்தினர்களில் இந்த டாசிக்கும் ஒருவர்! கிராண்ட் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. யுத்த மந்திரியைக் கூப்பிட்டனுப்பி, பாலம் காங்கிரஸின் சட்டப்படி கட்டப்பட்டதா என்று கேட்டார். ஆம் என்றதும், அப்படியானால் அதை இடிக்கவோ மாற்றவோ உமக்கு அதிகாரமில்லை, இந்த விவகாரத்தை இத்தோடு விடும் என்று உத்தரவிட்டார். டாசிக் பிற்காலத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார். கால்வாய் வெட்டப்படவே இல்லை.

யானை சொன்ன தீர்ப்பு

எஞ்சினீயர்கள் எவ்வளவு சொன்னாலும் ஜனங்களுக்கு ஒரு பயம் இருந்தது. கம்பி போன்ற குழாய்கள் இவ்வளவு பாரம் தாங்குமா? உறுதியில்லாத இடத்தில் யானை கால் வைக்காது என்பது அந்த ஊர்க்காரர்களும் நம்பிய விஷயம். நமக்கு இதில் ஆச்சரியமில்லை. யானையை நாம் அறியாததா? 1874 ஜூன் 14-ந் தேதி, மிருகக் காட்சிக்காரரின் யானை ஒன்றைக் கொண்டுவந்து பாலத்தில் விட்டார்கள். அது தயங்காமல் அக்கரைவரை நடந்து போயிற்று. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். ஈட்ஸ் அந்த யானையை நம்பவில்லைபோலும். ஜூலை 2-ந் தேதி, கரியும் தண்ணீரும் நிரப்பிய 14 ரயில் என்ஜின்களைப் பாலத்தின்மேல் ஓட்டிச் சோதித்தார். ஜூலை 4, சுதந்திர தினத்தன்று திறப்பு விழா. பல மைல் நீள ஊர்வலம், வாணவேடிக்கை, லட்சக்கணக்கில் கூட்டம்.

இதன் பிறகு நடந்ததை விழாவில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பாலம் இருந்தது, ரயில்கள் வரவில்லை. ரயில் கம்பெனிகளுக்குத் தங்கள் பழைய தோணித்துறை ஏற்பாடே போதுமென்று இருந்தது. நகருக்குள் சரியான ஸ்டேஷன் வசதியும் தயாராக இல்லை. 50 லட்சம் டாலருக்குள் முடியுமென்று மதிப்பிட்ட பாலத்துக்கு வட்டி முதலியவற்றோடு ஏறத்தாழ 1 கோடி டாலர் ஆகியிருந்தது. 1875-ல் கம்பெனி திவாலாயிற்று. 1878-ல் பாலம் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. எஞ்சினீயர்கள் மாநாடு கூடி எஃகைப் பற்றிச் சந்தேகப்பட்டது. ராணுவக் குழு புகைபோக்கியை அளந்தது. இந்தப் பாலத்தில் யார் போவார்கள், எவ்வளவு சுங்கம் கிடைக்கும் என்ற கேள்வியை மட்டும் எந்தச் சபையும் இத்தனை கடுமையாகக் கேட்கவில்லை.

ஈட்ஸ் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். மிஸிஸிப்பி கடலில் கலக்கும் இடத்தில் மணல்திட்டு கப்பல்களை மறித்துக்கொண்டிருந்தது. ஆற்றின் வாயை இரு பக்கமும் கரை கட்டிக் குறுக்கினால் ஆறே வேகமாகப் பாய்ந்து மணலைத் தள்ளிவிடும் என்றார். ராணுவ எஞ்சினீயர்களின் தலைவர் ஹம்ப்ரீஸ் இதையும் எதிர்த்தார். ஆழம் கிடைத்தால் பணம் தாருங்கள், கிடைக்காவிட்டால் வேண்டாம் என்று ஈட்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1875-ல் தொடங்கி 1879-ல் 30 அடி ஆழம் காட்டினார். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரலாயின. 1884-ல் இங்கிலாந்தின் கலைச் சங்கம் ஆல்பர்ட் பதக்கம் அளித்தது. அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர்தான். கடைசிக் காலத்தில் மெக்ஸிகோ பூசந்தியின் குறுக்கே கப்பல்களையே தூக்கி ரயிலில் வைத்துக் கொண்டுபோகும் ஒரு பாதை போடவேண்டுமென்று முயன்றார். அது கைகூடவில்லை. 1887 மார்ச் 8-ந் தேதி பஹாமாத் தீவில் நஸ்ஸாவ் நகரில், அறுபத்தாறாவது வயதில் காலமானார். உடலை ஸெயின்ட் லூயிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

உயர்ந்த புகைபோக்கி வைத்த படகுகளின் காலம் மலையேறிவிட்டது. ஏலம் போன பாலம் நிற்கிறது. 1964-ல் அமெரிக்க சர்க்கார் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பழைய ரயில்கள் நின்றுபோன கீழ்த்தட்டில் 1993 முதல் நகர மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பழுதாகி மூடிக் கிடந்த மேல்தட்டுச் சாலையையும் புதுப்பித்து 2003-ல் மறுபடி திறந்தார்கள்.